கரண்ட் போனால் பலம் கூடும் கருந்துளை

ஆய்வு மாணவர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எட்டுப் பேருக்கும் ஊக்கம் தரும்படி ஏதாவது பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். இருபத்தொன்பது வருடம் இதே இயற்பியல் துறையில் வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் என் பேச்சை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனதும் சால்வை போர்த்தி, மைக் கொடுத்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்து வைக்கிறார்கள். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக ஊக்கம் தருவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். கேட்ட பிறகும் நாளைக் காலையில் வேலைக்கு வந்தீர்கள் என்றால், உங்களுக்கு ஊக்கம் ஏற்கெனவே ஜாஸ்தியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். என் அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். இருபது வருடமாக அவருக்கு ஒரே கேள்வி. "இன்னாம்மா, அந்தக் கருந்துளை எல்லாத்தையும் உள்ள இழுத்துக்குமாமே, நம்ம ஊர் பக்கம் எப்ப வருது?" இழுப்பது கம்மி, தள்ளுவதுதான் ஜாஸ்தி என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் விளக்குவேன். அடுத்த பொங்கலுக்கு மறுபடி கேட்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. துறைக்குள்ளேயே பாதிப் பேர் அப்படித்தான்.

விஷயம் இதுதான். பெரிய விண்மீன் மண்டலம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. அதற்குள் விழப்போகும் வாயு, விழுவதற்கு முன்னால் சுழன்று சுழன்று பயங்கரமாகச் சூடேறுகிறது. அந்தச் சூடும், அங்கிருந்து கிளம்பும் காற்றும், பீறிடும் தாரைகளும் சேர்ந்து மண்டலத்தில் மீதியிருக்கும் வாயுவைப் பல லட்சம் ஒளியாண்டு தூரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்டால் ஏதோ வாடிக்கையாளர் சேவை மாதிரி இருக்கும். வாயு அப்படி விலகிப்போகும்போது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் கட்டும் கொஞ்சம் தளர்கிறது. ஆகவே பிரபஞ்சத்தில் பொருள் எங்கே எவ்வளவு திரண்டிருக்கிறது என்று அளப்பவர்களுக்கு, இந்தக் கருந்துளைகள் எவ்வளவு பலமாகத் தள்ளுகின்றன என்று தெரிந்தே ஆக வேண்டும். அது யாருக்கும் சரியாகத் தெரியாது.

தெரியாததை நாம் கணினியில் ஒரு எண்ணாகப் போட்டு வைக்கிறோம். அந்த எண்ணைத் திருகு என்போம், ரேடியோவின் வால்யூம் திருகு மாதிரி. சிமுலேஷனில், அதாவது கணினிக்குள் நாம் ஓட்டிப் பார்க்கும் பிரபஞ்சத்தில், வாயு சரியாகப் பரவவில்லையா, கொஞ்சம் திருகு. ரொம்பப் பரவிவிட்டதா, திரும்பத் திருகு. உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். கட்டுரையில் எழுதும்போது மட்டும் "அளவீடு செய்தோம்" என்று கௌரவமாக எழுதுவார்கள்.

நாங்கள் ஒரு வருடம் திருகவே கூடாது என்று முடிவு செய்தோம். இயற்பியலின்படி நியாயமாகத் தோன்றிய ஒரு எண்ணை வைத்துவிட்டு, பிரபஞ்சம் தானாக எப்படி உருவாகிறது என்று பார்ப்பது திட்டம். துறைத்தலைவருக்கு இந்தத் திட்டம் மிகவும் பிடித்திருந்தது. "திருகாத பிரபஞ்சம்" என்று தலைப்புகூட வைத்துவிட்டார். தலைப்பு வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வேலை பிறகு தானாக வந்து தலைப்புக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

அந்த வேலை எஸ்தரின் ஆய்வேடு. நான் அவளுக்கு நெறியாளர். ஆம்பூர்ப் பெண். அப்பா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். தினமும் ரயிலில் வேலூர் வந்து போவாள். ஆய்வு செய்த ஆறு வருடத்திலும் அவள் சிரிக்கும்போதுகூட ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. ஐரோப்பாவில் ஒரு ஆய்வுக் குழுவில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். வீடியோவில் நேர்காணல். அவளிடம் காட்டுவதற்கு இருந்தது அந்த ஒரே சிமுலேஷன்தான்.

நம் கணினி அறையைப் பார்த்திருப்பீர்கள். முன்பு அது வேதியியல் துறையின் கிடங்கு. அமில வாசனை போய்விட்டது என்று சொல்கிறார்கள், என் மூக்குக்கு இன்னும் செய்தி வரவில்லை. அங்கே பதினெட்டு இயந்திரங்கள் மூன்று மாதம் ஓடின. அதற்கு முன்பு சின்ன அளவில் ஒரு சோதனை ஓட்டம் செய்திருந்தோம். இரண்டே நாளில் முடிந்த ஓட்டம். அதில் முடிவு சரியாக வரவில்லை. வாயு மண்டலங்களை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. பெரிய ஓட்டமும் அப்படித்தான் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தோம்.

அப்படி வரவில்லை. அற்புதமாக வந்தது.

அந்த வருடங்களில் தொலைதூரத்திலிருந்து வரும் ரேடியோத் துடிப்புகளை வைத்து வாயுவைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். துடிப்பு வாயுவின் ஊடாக வரும்போது சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைக் கொண்டு வழியில் எவ்வளவு வாயு இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அப்படிப் பார்த்தால், பலர் நினைத்திருந்ததைவிட வாயு தூரமாகச் சிதறிக் கிடப்பதாகத் தெரிந்தது. அந்த அளவீட்டுப் புள்ளிகளின் மேல் எஸ்தர் எங்கள் சிமுலேஷன் கோட்டை வரைந்தாள். கோடு ஒவ்வொரு புள்ளியிலும் ஏறி இறங்கிப் போனது, தறிக்காரர் இழை கோத்த மாதிரி.

"மேடம்," என்றாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

துறைத்தலைவர் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பி மக்கன் பேடா வாங்கிவந்தார். நான் இரண்டு சாப்பிட்டேன். ஒரு நிருபர் வந்தார். "பிரபஞ்ச ரகசியத்தை உடைத்தது வேலூர்" என்று மூன்றாம் பக்கத்தில் வந்தது. பக்கத்துச் செய்தி பள்ளிகொண்டா அருகே லாரி கவிழ்ந்தது. லாரிக்குத்தான் பெரிய படம்.

சின்ன ஓட்டத்தில் ஏன் வரவில்லை, பெரிய ஓட்டத்தில் எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்களே என்று நாங்களே ஒரு விளக்கம் தயாரித்தோம். பெரிய ஓட்டத்தில் பெரிய மண்டலங்கள் உருவாகின்றன, அவற்றின் கருந்துளைகள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று. கேட்க அழகாக இருந்தது. எஸ்தர் அதற்குச் சமன்பாடுகூட எழுதினாள். கோடு பொருந்தாவிட்டால் இரண்டு மாதம் பிழை தேடுவோம். பொருந்திவிட்டதால் இரண்டு நிமிடம்கூடத் தேடவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்தும் இதையேதான் செய்வீர்கள். பரவாயில்லை, எழுதி வையுங்கள்.

நேர்காணலுக்கு முந்தைய திங்கட்கிழமை, அடுத்த ஓட்டத்துக்காக யு.பி.எஸ். பேட்டரிகளை மாற்றச் சொல்லலாம் என்று ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும். ஜெனரேட்டர் பார்ப்பவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுக்காரர். என் வேலையைப் பற்றி எனக்கு உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அவரைத்தான் சொல்வேன். எந்த மேடையிலும் அவருக்குச் சால்வை போட்டு நான் பார்த்ததில்லை.

பாய் ஒரு நீள நோட்டில் கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் எழுதி வைப்பார். யாரும் கேட்டதில்லை, அவராக எழுதுவார். புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மூணு மாசத்துல முப்பத்தோரு வாட்டி போயிருக்கு மேடம். ஜெனரேட்டர் லைன் உங்க ரூமுக்கு இல்ல. பிரின்சிபால் ரூமுக்கும் ஆடிட்டோரியத்துக்கும்தான்."

"தெரியும் பாய். அதுக்குத்தானே யு.பி.எஸ். இருக்கு. கரண்ட் போனா பத்து நிமிஷத்துல மெஷின் எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டுத் தானா அணைஞ்சிடும். வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து ஓடும்."

"கரெக்டா உட்ட எடத்துலேர்ந்தா?"

"ஆமா."

"பாத்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. அது முகத்தில் தெரிந்திருக்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நான் பேர்ணாம்பட்டுல தோல் ஷெட்டுல மெக்கானிக்கா இருந்தேன்ல, அங்க தோல் ஊறுற டிரம் ஓடிக்கினு இருக்கும்போது கரண்ட் பூடும். திரும்பி வந்தா, மருந்து ஊத்தியாச்சா இல்லியான்னு ஷிப்டு ஆளுக்கு டவுட்டு. எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொரு வாட்டி ஊத்திடுவான். சாயங்காலம் தோலை வெளிய எடுத்தா ஒரே பேஜார். அதான் கேட்டேன்."

நான் பேட்டரியைப் பற்றிப் பேசாமலே திரும்பி நடந்தேன். ஷெட்டிலிருந்து துறைக்கு இருநூறு அடி. போனதும் நிரலைத் திறந்து படித்தேன். புரிய ஒரு மணி நேரம் ஆனது.

நம் நிரலில் ஒவ்வொரு கருந்துளையும் ஆற்றலைச் சேர்த்து வைக்கும். போதுமான அளவு சேர்ந்ததும் சுற்றியிருக்கும் வாயுவுக்குக் கொடுக்கும். கொடுத்ததும் "கொடுத்தாயிற்று" என்று குறித்துக்கொள்ளும். கரண்ட் போய் நிலையைச் சேமிக்கும்போது, வாயு சூடானது சேமிக்கப்பட்டது. கொடுத்தாயிற்று என்ற குறிப்பு சேமிக்கப்படவில்லை. இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. கரண்ட் திரும்பி வந்ததும், பிரபஞ்சத்தில் இருந்த கருந்துளைகள் அத்தனையும், கொடுத்த ஆற்றலை மறுபடி கொடுத்தன. முப்பத்தோரு முறை.

இரண்டு நாளில் முடிந்த சின்ன ஓட்டத்தில் கரண்ட் போகவே இல்லை. அதனால் அது சரியாக ஓடியது, முடிவு பொருந்தவில்லை. பெரிய ஓட்டம் தப்பாக ஓடியது, முடிவு பொருந்தியது. கைகொடுத்தவை பெரிய மண்டலங்கள் என்று சமன்பாடு எழுதினோமே, கைகொடுத்தது வேலூர் மின்வெட்டு.

அந்த இரண்டு வரிகளுக்கு மேலே எழுதியவரின் முதலெழுத்துகள் இருந்தன. என்னுடையவை.

செவ்வாய்க்கிழமை துறைத்தலைவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இது பெரிய எஃபெக்டா, சின்ன எஃபெக்டா?"

"முழு எஃபெக்டும் இதுதான் சார்."

"அப்படிச் சொல்லிடாதீங்க. இப்ப எல்லாரும் திருகத்தானே செய்யறாங்க? நம்ம திருகை மின்வெட்டு திருகிடுச்சு. அவ்ளோதானே?"

இந்த வாதத்தை நான் இன்றுவரை ரசிக்கிறேன். பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. மற்றவர்கள் எவ்வளவு திருகினோம் என்று தெரிந்து திருகுகிறார்கள், நமக்குத் தெரியாது, அதோடு நாம் திருகவே இல்லை என்று தலைப்பு வேறு வைத்திருக்கிறோம் என்றேன்.

"அடுத்த மாசக் கான்ஃபரன்ஸ்ல நம்ம பேச்சு இருக்கு, அது முடியட்டும்," என்றார். "அந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை இண்டர்வியூ. இப்பப் போய் சொல்லி அவ மனசைக் கெடுக்காதீங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். இங்கேதான் நான் சொல்ல வந்த தவறு ஆரம்பிக்கிறது. இரண்டு வரி இடம் மாறியது தவறுதான், ஆனால் அது எவருக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும், இந்த வாரமே நடந்தாலும் ஆச்சரியமில்லை. நான் சொல்வது வேறு.

செவ்வாய் மதியம் எஸ்தர் நேர்காணலுக்கான படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். நிறம் நன்றாக இருக்கிறது என்றேன். புதன்கிழமை ஒத்திகை பார்க்கலாமா என்றாள். பார்த்தோம். "திருகாமலே இவ்வளவு பலமான பின்னூட்டம் எப்படி வந்தது?" என்று நானே அவளிடம் கேள்வி கேட்டேன், நேர்காணலில் கேட்பார்கள் என்று. அவள் பெரிய மண்டலங்கள் கைகொடுப்பதைச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல் என்றேன். வியாழக்கிழமை இன்னும் தெளிவாகச் சொன்னாள். பிழை என்று தெரிந்தபின் ஒரு மாணவிக்கு அதை நன்றாகச் சொல்லப் பயிற்சி கொடுத்த நெறியாளர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவரைத் தெரியும்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது இரக்கம் என்ற வார்த்தை. பாவம், முன்பே சொன்னால் நேர்காணலில் தடுமாறுவாள். வேலை கிடைக்கட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். நான்கு நாளும் என்னை நல்லவளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடுகூட இறங்கியது.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு நேர்காணல். கருத்தரங்க அறையின் கதவை மூடிக்கொண்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் போகவில்லை. அன்றைக்காவது போயிருக்கலாம். ஒன்றே முக்காலுக்கு வெளியே வந்தபோது அவள் முகத்தை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை.

"மேடம், அந்தக் கேள்விதான் மேடம் கேட்டாங்க! அப்படியே நீங்க கேட்ட மாதிரியே. நான் சொன்னதும் ஒருத்தர் எழுதிக்கிட்டாரு."

கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பாய் கேட்டது, இரண்டு வரி, முப்பத்தோரு முறை. அவள் டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப தெரியும் மேடம்?"

"திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை," என்றாள். டம்ளரைத் தள்ளி வைத்தாள். "புதன்கிழமை நீங்க என்னைக் கேள்வி கேட்டீங்க."

"ஆமா."

"புரோகிராம்ல தப்பு வந்தது பரவால்ல மேடம். நானும்தான் அந்தப் புரோகிராமைப் படிச்சேன், எனக்கும் தெரியல. ஆனா தெரிஞ்சப்புறம் என்னை அங்க உக்கார வெச்சு பொய் சொல்ல வெச்சீங்களே. அந்தாளு எழுதிக்கிட்டாரு மேடம்."

"உன் நல்லதுக்குத்தான்…"

"எனக்கு எது நல்லதுன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூன்று மணி ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் போய்விட்டாள். அந்த டீயை நான் குடித்தேன். வீணாகப் போக வேண்டாமே என்று குடித்ததாக நினைவு. அந்த மாதிரி நேரத்தில் மனிதர்கள் எவ்வளவு பொறுப்பாக நடந்துகொள்கிறார்கள் பாருங்கள்.

சனிக்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. நேர்காணல் செய்தவர்களுக்கு எஸ்தர் எழுதியது, எனக்கும் துறைத்தலைவருக்கும் பிரதி. மூன்று வரி. நேற்று நான் காட்டிய முடிவு நிரல் பிழையால் வந்தது, நான் கொடுத்த விளக்கமும் தவறு, பரிசீலிக்கும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிழை யாருடையது, எப்போது தெரிந்தது, எதுவும் இல்லை. துறைத்தலைவர் போனில் கத்தினார். "உங்க ஸ்டூடண்டைக் கண்ட்ரோல் பண்ணத் தெரியாதா?" தெரியாது என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

நேர்மைக்குப் பரிசாக அவர்கள் அவளையே தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லப்போகிறேன் என்று நினைக்கிறீர்கள். சிலர் ஏற்கெனவே முகத்தை அதற்குத் தயாராக வைத்திருக்கிறீர்கள். இல்லை. வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி என்று மிக மரியாதையாக ஒரு பதில் வந்தது. வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். கருத்தரங்கிலிருந்து எங்கள் உரையை நான் விலக்கினேன். துறைத்தலைவர் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அந்த ஆறு மாதத்தில் துறையில் நிறைய வேலை நடந்தது. திருத்தம் போடச் சொல்லி நிருபரைக் கூப்பிட்டேன். "பிரபஞ்ச ரகசியம் மறுபடி மூடிக்கிச்சுன்னு போட முடியுமா மேடம்?" என்றார். அதுவும் நியாயம்தான்.

எஸ்தர் துறைக்கு வரவில்லை. சத்துவாச்சாரியில் ஒரு கோச்சிங் சென்டரில் நுழைவுத் தேர்வுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதம் போகாமல் இருந்தேன். அவளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி இரக்கம். அந்த வார்த்தை நாக்கில் வந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போனேன்.

வகுப்பு முடிந்து மாணவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பலகையை அழித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "வாங்க மேடம்," என்றாள். நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"எப்படி இருக்கு இங்க?"

"நிம்மதியா இருக்கு மேடம். எல்லாக் கேள்விக்கும் பதில் கடைசிப் பக்கத்துல இருக்கு."

மன்னிப்புக் கேட்க வாக்கியங்கள் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். ஆட்டோவில் அவை நன்றாக இருந்தன. அங்கே அவை எதுவும் பொருந்தவில்லை. "பயமா இருந்தது எஸ்தர்," என்றேன். "உன்னை நெனச்சு இல்ல. என்னை நெனச்சு. என் தப்புன்னு தெரிஞ்சுடுமேன்னு."

அவள் டஸ்டரைத் தட்டினாள்.

"ஒவ்வொரு வாட்டியும் எவ்ளோ எனர்ஜி கூடுதலாப் போச்சுன்னு கணக்குப் போட்டீங்களா?"

"இல்ல. மெஷின் எழுதி வெச்ச லாக் எல்லாம் அழிஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் பழைய லாக் மேலயே எழுதியிருக்கு. அதுவும் நான் எழுதின புரோகிராம்தான்."

"பாய் நோட்டு இருக்கும்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் இந்த ஒன்றரை மாதமாக, பள்ளிப் பிள்ளைகளுக்கு உராய்வு விசையும் சாய்தளமும் நடத்திக்கொண்டே, அதை யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தெந்த நேரத்தில் கரண்ட் போனது என்று தெரிந்தால், அந்த நேரத்தில் சிமுலேஷன் பிரபஞ்சத்தின் எந்த வயதில் இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். அப்போது கருந்துளைகள் எவ்வளவு ஆற்றல் வைத்திருந்தன என்று கணக்கிடலாம். சரியான நிரலை வைத்து மறுபடி ஓட்டினால், பொருந்தாத கோடு வரும். பொருந்தாத கோட்டுக்கும் பொருந்திய கோட்டுக்கும் நடுவே எவ்வளவு கூடுதல் ஆற்றல் தேவைப்பட்டது என்று நம்மால் சொல்ல முடியும். நாம் நியாயம் என்று நினைத்த எண் போதாது, கருந்துளைகள் இன்னும் பலமாகத் தள்ள வேண்டியிருக்கும் என்பதற்கு அது ஒரு குறிப்பு. நிரூபணம் ஒன்றும் கிடையாது, குறிப்புதான். அதை அவள் பலகையில் வரைந்து காட்டினாள். ஒரு பையன், தான் விட்டுவிட்டுப் போன டிபன் பாக்ஸைத் தேடி மேலே வந்து, பலகையைப் பார்த்து, "மேடம், இது சிலபஸ்ல இருக்கா?" என்றான். "இல்ல, வீட்டுக்குப் போ," என்றாள்.

எஸ்தர் மறுபடி துறைக்கு வந்தாள், மறு ஓட்டம் ஆரம்பித்தோம். பாய் ஆடிட்டோரியத்துக்குப் போகும் லைனிலிருந்து ஒரு கேபிள் இழுத்து எங்கள் அறைக்குக் கொடுத்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கல்லூரி விழாக்கள் இரண்டில் மேடை விளக்கு மங்கியது. கோடு நாங்கள் எதிர்பார்த்தபடியே பொருந்தாமல் வந்தது. எஸ்தர் அதைப் பார்த்து, முதல் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் சிரித்தாள். பாயின் நோட்டை ஆய்வேட்டில் தரவு ஆதாரமாகக் குறிப்பிட்டாள், அவர் முழுப்பெயரோடு. அந்தப் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

ஆய்வேட்டில் பிழையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வாக்கியம்: "இப்பிழை ஒரு திங்கட்கிழமை கண்டறியப்பட்டது, ஆய்வாளருக்கு வெள்ளிக்கிழமை தெரிவிக்கப்பட்டது." துறைத்தலைவர் அந்தக் காலகட்டத்தில் என்னோடு பேச ஆரம்பித்திருந்தார், இந்த வாக்கியத்தை எடுக்கச் சொல்வதற்காகவே. "இது சயின்ஸா? இதுக்கும் கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்?" நெறியாளர் கையெழுத்துப் போடும் இடம் முதல் பக்கத்தில் இருக்கிறது. எஸ்தர் தாளைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் வாக்கியத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இதற்காக என்னைப் பாராட்ட வேண்டாம். பேனா எடுப்பதற்குள் ஒரு முழு மதியம் ஆனது.

அவளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, ஒன்றரை வருடம் கழித்து, வேறொரு ஊரில், முதலில் கேட்டதைவிடச் சின்னக் குழுவில். ரேடியோத் துடிப்புகளை வைத்துத் திருகை எவ்வளவு திருகலாம் என்று எல்லை போடும் வேலை. நன்றாக இருக்கிறாள். எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. சந்தேகம் இருந்தால் மட்டும் எழுதுவாள், நேராக விஷயத்துக்கு வருவாள்.

வாய்மொழித் தேர்வு நாளைச் சொல்லி முடிக்கிறேன். வெளியூரிலிருந்து ஒரு பெண் பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். ஆய்வேடு முழுவதையும் உண்மையிலேயே படித்திருந்தார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், உஷாராக இருங்கள். முதல் வரிசையில் துறைத்தலைவர். எஸ்தரின் அப்பா கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்து, கடைசி வரிசையில், தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பாதியில் தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் பிரித்தார்.

"திங்கட்கிழமை கண்டுபிடிச்சு வெள்ளிக்கிழமை சொன்னாங்கன்னு போட்டிருக்கீங்க. நடுவுல நாலு நாள் என்ன நடந்தது?"

எஸ்தர் என்னைப் பார்க்கவில்லை. துறைத்தலைவர் இருமினார். தேர்வில் நெறியாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் எழுந்து நின்றேன்.

"பிழை என்னோடது. கண்டுபிடிச்ச உடனே நான் சொல்லியிருக்கணும். பயத்துல சொல்லல. அந்த நாலு நாள்ல தப்பான விளக்கத்தை இந்தப் பொண்ணுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும், நான் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு எஸ்தரிடம், "சரி, அடுத்த படம்," என்றார்.

அடுத்த படத்தில் எங்கள் கோடு இருந்தது. புள்ளிகளை எங்கும் தொடாமல், அவற்றுக்கு மேலே விலகிப் போய்க்கொண்டிருந்தது. எஸ்தர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, அது ஏன் பொருந்தவில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள்.